பனிப்போர் என்பது எது?

நாடுகளுக்கிடையே மனக்கசப்பு தோன்றினால் உடனே அதனைப் ‘பனிப்போர்’ என்று எழுதிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. வாணிகத் தகராறும் பனிப்போர். தூதர் ஒருவரைத் திருப்பி அனுப்புவதும் பனிப்போர். சொல்லின் எல்லை இவ்வாறு நெகிழ்ந்தால், அதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்கே இடர்ப்பாடு. தெம்பனிஸ் போன்ற புதுநகரில் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர், 1963 முதல் 1966 வரை சிங்கப்பூர் கண்ட ‘கொன்ஃப்ரொன்டாசி’ எனும் இந்தோனீசிய எதிர்ப்பு இயக்கத்தைப் படித்துவிட்டு, “இதுவும் பனிப்போர்தானா?” என்று வினவினால் யாது விடை கூறுவோம்? விடை காண, முதலில் சொல்லை ஆராய்வோம்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945 அக்டோபரில் அணுகுண்டைப் பற்றி எழுதிய கட்டுரையில் இத்தொடரைக் கையாண்டார். அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1947இல் தம் நூலுக்கு அதனையே பெயராக்க, அஃது உலக வழக்காயிற்று. தமிழில் ‘பனிப்போர்’ என்றும் ‘கெடுபிடிப் போர்’ என்றும் வழங்குகிறோம். முன்னது மொழிபெயர்ப்பே, ஆயினும் பொருத்தமானது. பனி என்பது குளிர்ச்சியை மட்டும் குறிப்பதன்று. ‘பனித்தல்’ என்பதற்கு நடுங்குதல் என்னும் பொருள் பழைய இலக்கியங்களில் உண்டு. இரு பெரும் பகைவரும் ஒருவரையொருவர் எண்ணி நடுங்கிய போர் என்று கொண்டால், சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது.

பனிப்போரின் இலக்கணம் மூன்று கூறுகளில் அடங்கும்.

முதலாவது, தீராப் பகை இருந்தும் முழுப்போருக்கு இரு தரப்பும் அஞ்சுதல். 1949இல் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டை வெடித்துச் சோதித்த பின்னர், வென்றவரும் அழிவர் என்னும் நிலை உருவாயிற்று. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டறியப்பட்டபோது, இரு வல்லரசுகளும் போரின் விளிம்புவரை சென்று மீண்டமைக்கு இவ்வச்சமே காரணம்.

இரண்டாவது, போர்க்களம் அல்லாதன எல்லாம் களமாதல். வாணிகம், வானொலி, ஒற்று, கடனுதவி, விண்வெளிப் பயணம் ஆகிய அனைத்தும் படைக்கலங்களாயின. 1948 ஜூனில் சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. மேலைநாடுகள் அவ்வழிகளைப் படைகொண்டு திறக்க முயலவில்லை. உணவையும் நிலக்கரியையும் விமானத்தில் கொண்டு சேர்த்தன. 1949 மே மாதத்தில் முற்றுகை விலகிற்று.

மூன்றாவது, தலைமைப் பகைவர் இருவரும் வெளிப்படையாக நேரில் பொருதாமை. அடி விழுந்தது பிறர் மண்ணில். கொரியப் போரில் (1950–53) சோவியத் விமானிகள் அமெரிக்க விமானங்களை எதிர்த்துப் பறந்தனர். ஆயினும் அதனை இரு தரப்புமே மறைத்தன. வெளியிட்டால் முழுப்போர் மூளும் என்பதை இருவரும் அறிவர்.

இவ்விடத்தில் நம் புறத்திணை மரபை ஒப்புநோக்கலாம். தொல்காப்பியம் கூறும் வெட்சி, பகைவர் ஆநிரையைக் கவர்வது. அது வரப்போகும் போருக்குத் தோற்றுவாய். பனிப்போரில் நிகழும் சிறு தாக்குதலோ பெரும்போருக்குத் தோற்றுவாய் அன்று. அதற்கு மாற்றாக நிற்பது. வேறுபாடு இதுவே.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். மலேசியக் கூட்டமைப்பைப் புதிய குடியேற்ற ஆதிக்கத்தின் சூழ்ச்சி எனக் கருதிய அதிபர் சுகர்ணோவின் அரசு, 1963 ஜனவரியில் எதிர்ப்பை அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 16இல் மலேசியா உருவானதும் தூதரக உறவு முறிந்தது, வாணிகமும் நின்றது. இந்தோனீசியச் சரக்கை நம்பியிருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு அது பெரும் அடி. 1964 ஆகஸ்டில் பொந்தியானிலும் செப்டம்பரில் லாபிஸ் பகுதியிலும் இந்தோனீசியப் படையினர் இறங்கினர். சிங்கப்பூரில் குண்டுகள் வெடித்தன. 1965 மார்ச் 10ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டு மூவரைப் பலிகொண்டது. முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்கள் படைவீரர் அல்லர்; அலுவல் நாளில் அங்கிருந்த பொதுமக்கள்.

இவ்வளவு நடந்தும் போர் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. போர்னியோவில் பிரிட்டிஷ் படையினர் எல்லை கடந்து கலிமந்தானுக்குள் தாக்கியபோதும் அச்செய்தி மறைத்தே வைக்கப்பட்டது. எல்லை மீறாமல் போரைக் கட்டுக்குள் வைக்கும் முயற்சி தெளிவாகவே தெரிகிறது. ஆகவே முதல் இரண்டு கூறுகளும் பெருமளவு பொருந்துகின்றன. மூன்றாவது பொருந்தவில்லை. போர்னியோக் காடுகளில் இந்தோனீசிய வீரர்களும் பிரிட்டிஷ், கூர்க்கா, மலேசிய வீரர்களும் நேருக்கு நேர் பொருதினர். எனவே கொன்ஃப்ரொன்டாசியை அறிவிக்கப்படாத போர் என்பதே சரி. உலகப் பனிப்போரின் நிழலில் அது நடந்தது; அதுவே பனிப்போர் ஆகாது.

முடிவில் மட்டும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. களத்தில் எய்திய வெற்றியால் இவை முடியவில்லை. ஒரு தரப்பின் உள்ளே நேர்ந்த மாற்றம் இவற்றை முடித்து வைத்தது. ஜகார்த்தாவில் அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு மாறிய பின், 1966 ஆகஸ்ட் 11இல் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தபோது வல்லரசுப் பனிப்போர் முடிந்தது.

இப்பகுப்பு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘பனி’ என்ற சொல்லைக் கேட்கும் மாணவர், குருதி சிந்தாத போர் என்று எளிதில் எண்ணிவிடுவர். கொரியாவிலும் வியட்நாமிலும் மாண்டோர் பல இலட்சம். வல்லரசுகளின் தலைநகரங்களில் பனியாக இருந்தது பிறர் ஊர்களில் தீயாக எரிந்தது. தன் முற்றத்தில் குண்டு வெடித்த நகரத்தவர்க்கு இதனை விளக்குவது அரிதன்று. மெக்டொனால்ட் ஹவுஸுக்கு எதிரே, டோபி காட் பசும்புல் திடலில், 2015இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் நிற்கிறது. ஒரு மோதலுக்குப் பெயரிடுமுன், முழுப்போரைத் தடுத்த அச்சம் யாருடையது, அடி விழுந்தது யார்மேல் என்னும் இரு வினாக்களையும் மாணவர் கேட்கப் பழகுவாராயின், பாடம் பயன் தந்ததாகும்.