பன்றிக்கு வைத்த சுருக்கு: மலையகத் தோட்டங்களில் வேட்டையும் மனச்சுமையும்

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், நல்லதண்ணிக்கு அருகே லக்ஷபான, வாழமலைப் பக்கத் தோட்டமொன்றில், மரக்கறிப் பாத்திகளின் ஓரத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கிக் கிடந்தது. வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிகளும் மிருக வைத்தியர்களும் வந்து, மயக்க ஊசி போட்டு, கழுத்தை இறுக்கியிருந்த கம்பியை அகற்றி உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். ஓரிரு நாட்களில் அது இறந்துபோனது. இலங்கையில் கருஞ்சிறுத்தை இனி இல்லை என்று பலரும் எண்ணியிருந்த நிலையில், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் கருஞ்சிறுத்தையொன்று உயிரோடு நடமாடுவது கெமராவில் பதிவாகியிருந்தது.

அந்தச் செய்தி வெளியானதும் நாடெங்கும் கோபம் எழுந்தது. தோட்ட மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால், அந்தச் சுருக்கு சிறுத்தைக்காக வைக்கப்பட்டதல்ல. மலையகத்தில் வைக்கப்படும் சுருக்குகளில் பெரும்பாலானவை காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. அதை யார் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள், வைத்துவிட்டு எப்படித் தூங்குகிறார்கள் என்ற கேள்விகளை வெளியே இருப்பவர்கள் கேட்பதில்லை. உள்ளே இருக்கும் நாங்களும் உரக்கப் பேசுவதில்லை. திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற வகையில் அதைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

பன்றியோடு நடக்கும் கணக்கு

திம்புள்ளப் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் ஹோட்டன் சமவெளிக்கும் மறுபக்கம் சிவனொளிபாதமலைக் காடுகளுக்கும் இடையில் கிடக்கிறது. தலவாக்கலை, லிந்துல, பத்தனை, அக்கரப்பத்தனை என்று எங்கு பார்த்தாலும் தேயிலை. ஆனால் மலை உச்சிகளிலும் ஆற்றோரங்களிலும் செங்குத்தான சரிவுகளிலும் காட்டுத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. பகலில் பன்றி படுத்திருப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரவில் அது லயத்துக்குக் கீழே உள்ள மரக்கறித் தோட்டங்களுக்கு இறங்குகிறது. உருளைக்கிழங்கு என்றால் அதற்கு உயிர். பத்துப் பன்றிகள் கொண்ட கூட்டம் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பாத்தியை உழுது போட்டுவிடும். விதைக்கிழங்கு, உரம், மருந்து என்று கடன்பட்டுச் செய்த செய்கை காலையில் சேற்றுக் குழியாகக் கிடக்கும்.

நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவுக்கு மிக அதிகமாகத் தவித்தது தோட்டத்துறை. அந்த நிலையில், துண்டு நிலத்துக் கோவாவும் லீக்ஸும் கிழங்கும் குடும்பத்தின் இரண்டாவது சம்பளம். அந்த நிலத்துக்கும் எங்களிடம் உறுதி கிடையாது. மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது நாங்கள் கேட்டது காணியைத்தான். பன்றி அழித்த பாத்திக்கு யாரும் வந்து நட்டஈடு கொடுத்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

எனவே சுருக்கு வைக்கும் ஒருவனுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கிழங்கைக் காப்பாற்றுவது. மற்றது, இறைச்சி. இரண்டாவதை மறைப்பதில் பயனில்லை. மாதத்தில் ஓரிரு முறை கோழி வாங்குவதே பெரிய விடயமான வீடுகளில் ஒரு பன்றி என்பது சின்னப் பெருநாள்.

துரைமாரின் வேட்டை

இந்த மலைகளில் வேட்டையைத் தொழிலாளர்கள் தொடங்கி வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை விட்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றார். அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார். அதே காலத்தில் ரொஜர்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1400 வரையான யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானையைக் கொன்றால் அன்றைய அரசாங்கமே சன்மானம் கொடுத்தது.

அதன்பின் கோப்பிக்காக இந்தப் பள்ளத்தாக்கின் காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் கோப்பியில் இலைநோய் காணப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிய, அந்த இடத்தில் தேயிலை வந்தது. காட்டை வெட்டிய கைகள் எங்கள் பாட்டன் பூட்டன்மாருடையவை. வெட்டச் சொன்ன வாய் வேறு. இன்று திம்புள்ளவில் யானை இல்லை. பன்றியும் சிறுத்தையும் மட்டும் தேயிலைக்குள் வாழப் பழகிக்கொண்டன.

துரைமார் வேட்டையாடியபோது அது விளையாட்டு என்று அழைக்கப்பட்டது. தொழிலாளி செய்தபோது களவு என்று அழைக்கப்பட்டது. இந்தக் கசப்பு எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. சட்டத்தைப் பற்றி யாராவது வந்து பேசும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வேட்டை

என் சிறுவயதில் வேட்டை என்றால் நாய்களும் ஈட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் போவார்கள். நாய்கள் பன்றியை ஒரு மூலையில் மடக்கிக் குரைத்து நிறுத்த, ஆட்கள் ஓடிப்போய்க் குத்த வேண்டும். கொம்பன் பன்றி திரும்பினால் நாயின் குடல் வெளியே வந்துவிடும். ஆளின் தொடையும் கிழியும். இறைச்சி லயத்தின் வாசலில் பங்கு போடப்படும். போனவர்களுக்கு ஒரு பங்கு, நாய் கொடுத்தவருக்கு மேலதிகமாக ஒரு பங்கு, ஆண் துணையில்லாத வீட்டுக்கும் ஒரு கூறு.

என் மாமா நல்ல வேட்டைக்காரர். ஒருமுறை குத்தி விழுத்திய பன்றி சினையாக இருந்தது. வயிற்றைக் கிழித்தபோதுதான் தெரிந்தது. அவர் கத்தியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் பீலியடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். அன்று அவர் வீட்டில் இறைச்சி சமைத்தார்கள், அவர் சாப்பிடவில்லை. இரண்டு மாதம் வேட்டைக்குப் போகவுமில்லை. பிறகு போனார். "மாமா, பாவமா இல்லையா?" என்று கேட்டேன். "பாவந்தாண்டா. பாவம்னு தெரிஞ்சிக்கிட்டுத்தான் போகணும். தெரியாம போறவன் கூட நான் போக மாட்டேன்" என்றார்.

அந்தப் பதிலை எங்கள் கூத்துகளோடு சேர்த்துத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் பெரிய கூத்துகள். பொன்னர் சங்கர் கதையில் கொம்பன் என்ற காட்டுப்பன்றியின் வேட்டை முக்கியமான கட்டம். அருச்சுனன் தபசுக் கதையிலும் ஒரு பன்றி வருகிறது. அருச்சுனனும் வேடன் உருவில் வந்த சிவனும் ஒரே நேரத்தில் அதன்மீது அம்பு விடுகிறார்கள். யாருடைய அம்பு கொன்றது என்பதில்தான் சண்டை மூளுகிறது. கொன்றவன் அதற்கு முகம் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அந்தக் கதையில் நான் காண்கிறேன். கண்ணப்பர் சிவனுக்குப் படைத்ததும் பன்றி இறைச்சிதான். வேட்டை எங்கள் மரபுக்கு வெளியே உள்ள விடயமல்ல.

வில்லும் தூரமும்

அம்பு எய்பவன் விலங்குக்கு மிக அருகில் போக வேண்டும். இருபது, முப்பது மீற்றருக்குள் நெருங்காவிட்டால் வில்லால் பெரிதாகப் பயனில்லை. அதன் மூச்சையும் கண்ணையும் அவன் பார்க்கிறான். தம்பானையில் வாழும் ஆதிவாசிகளின் வேட்டை இப்படித்தான் இருந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டதும் அவர்களுடைய வேட்டைக்காடு ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர்களும் போரினால் இடம்பெயர்ந்து தங்கள் காட்டோடு இருந்த உறவில் பெரும்பகுதியை இழந்தார்கள்.

அமெரிக்காவில் காட்டு வான்கோழியை வில்லால் வேட்டையாடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலைப் போல ஒலியெழுப்பிச் சேவலை வரவழைத்து எய்கிறார்கள். பறவை விழுந்ததும் மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக வருவதாக அவர்களில் பலர் சொல்கிறார்கள். என் மாமா பீலியடியில் நின்றதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையாலும் காடழிப்பாலும் அந்தப் பறவை அங்கே அருகிப்போயிருந்தது. இன்று பல இலட்சக்கணக்கில் இருக்கிறது. 1937இல் அங்கே வந்த ஒரு சட்டத்தின்படி துப்பாக்கி, ரவை மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் வில் அம்பும் அதில் சேர்ந்தது. பருவம், எண்ணிக்கை, அனுமதிப்பத்திரம் என்ற கட்டுப்பாடுகளும் வேறு இடங்களில் பிடித்த பறவைகளைக் கொண்டுவந்து விட்டதும் சேர்ந்துதான் அதை மீட்டன.

அதே 1937இல்தான் இலங்கையிலும் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் இங்கே காட்டோரத்தில் வாழும் மனிதனை அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்காளியாக யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் தேசியப் பறவையான காட்டுக்கோழியைப் பற்றி அக்கரப்பத்தனைப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வரும் பன்றியை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கம்பி என்ன செய்கிறது

இப்போது ஈட்டி வேட்டை குறைந்துவிட்டது. இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நாய் வளர்க்கவும் செலவு. அந்த இடத்தைக் கம்பி பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியோ கிளட்ச் கம்பியோ போதும். பன்றித் தடத்தில் சுருக்குப் போட்டு, ஒரு முனையைத் தேயிலைத் தூரிலோ மரவேரிலோ கட்டிவிட்டால் முடிந்தது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமலும் விடலாம். பலர் வைத்த இடத்தையே மறந்துவிடுகிறார்கள். கம்பி அங்கேயே கிடக்கிறது.

சிறுத்தையும் பன்றி போகும் அதே தடத்தில்தான் நடக்கிறது. தலையும் முன்கால்களும் நுழைந்தபின் சுருக்குப் பெரும்பாலும் அதன் இடுப்பில் விழுகிறது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகி, தோலை அறுத்து உள்ளுறுப்புகளைச் சிதைக்கிறது. உயிரோடு மீட்டாலும் பல சிறுத்தைகள் பின்னர் இறந்துபோவது இதனால்தான். மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, லயத்து நாய் எல்லாம் இதே கம்பியில் சாகின்றன.

கண்ணி என்றால் சுருக்கு. கண்ணிவெடி என்ற சொல்லை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வைத்தவன் போய்விட்ட பிறகும் அது வேலை செய்யும். வருவது யார் என்று அது பார்ப்பதில்லை. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆனால் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் மண்ணுக்குள்ளிருந்து அவற்றை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மனிதன் எதிரே நில்லாமல் கொல்லும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. என் மாமாவுக்குச் சினைப்பன்றியைப் பார்க்க வேண்டி வந்தது. அதனால் இரண்டு மாதம் அவர் கை ஓய்ந்தது. கம்பி வைத்தவனுக்குப் பார்க்க வேண்டிய தேவையில்லை. அவனை நிறுத்த எதுவும் இல்லை.

சிறுத்தை எங்களுக்கு யார்?

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையொன்றை மக்கள் அடித்துக் கொன்ற காணொளி பரவியது. சிலர் கைது செய்யப்பட்டார்கள். அந்த மக்களின் பயம் உண்மையானது. கொழுந்து பறிக்கும் பெண்களைச் சிறுத்தை தாக்கிய சம்பவங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. எனவே சிறுத்தையை நேசியுங்கள் என்று தொழிலாளர்களுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத உபஇனம். இங்கே அதற்கு மேலே வேறு வேட்டை விலங்கு கிடையாது. மலையகத்தில் பன்றிக் குட்டிகளைப் பிடித்துத் தின்னும் விலங்குகளில் அதுவும் ஒன்று. கிழங்கைக் காக்க வைத்த கம்பியில் சிறுத்தை சாகும்போது, கிழங்கின் காவலாளிகளில் ஒன்று சாகிறது. அத்தோடு சட்டமும் வருகிறது. சிறுத்தை கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அது செத்துக் கிடந்த நிலத்துக்காரர் கைதாகி நீதிமன்றத்துக்கு அலையும்போது, இழக்கும் நாட்சம்பளத்தை ஈடுசெய்ய எந்தக் கிழங்கும் போதாது.

செய்யக்கூடியவை

சில இடங்களில் பாத்திகளைச் சுற்றிப் பழைய தகரம் அடித்திருக்கிறார்கள். பன்றி தகரத்துக்கு அப்பால் தெரியாததால் பெரும்பாலும் திரும்பிப் போகிறது. பக்கத்துப் பாத்திக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாக அடித்தால் செலவு குறையும். அறுவடைக்கு முந்திய வாரங்களில் முறை வைத்துக் காவல் இருப்பது பழைய வழி, இப்போதும் பலனுண்டு. மானாப்புல் மண்டிய மலைகளைத் துப்புரவாக்குவது நிர்வாகங்களின் பொறுப்பு. அதைத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

கம்பியில் விலங்கு சிக்கியிருப்பதைக் கண்டால் கூட்டம் சேர்க்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். சிறுத்தை ஆட்களைக் கண்டு துள்ளத் துள்ளத்தான் கம்பி இறுகுகிறது. அறிவித்தவனையே முதல் சந்தேகநபராகப் பார்க்கும் வழக்கத்தை அதிகாரிகளும் கைவிட வேண்டும். அந்தப் பயத்தினால்தான் பலர் கண்டும் காணாமல் போகிறார்கள்.

காணி உறுதியும் பயிருக்கு நட்டஈடும் இல்லாமல் கம்பி முழுவதும் மறையாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் உண்டு. எந்த மலையில், எந்தத் தடத்தில், யார் வைத்த கம்பி கிடக்கிறது என்பது ஒவ்வொரு லயத்திலும் யாராவது ஒருவருக்குத் தெரியும். கவ்வாத்து நடக்கும் நாட்களில் அந்த மலையில் கிடக்கும் கம்பிகளைக் கழற்றிக் கொண்டு வருவதற்குச் சட்டமும் வேண்டாம், காசும் வேண்டாம்.