மலைச்சரிவில் ஒரு திராட்சை அறுவடை!

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். திராட்சை என்றால் எங்களுக்குத் தலைக்கு மேலே தொங்குகிற பழம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் படர விடுகிற பன்னீர் திராட்சை. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. பந்தல் இல்லாத திராட்சைத் தோட்டத்தை நான் பார்த்ததே இல்லை, சுவிட்சர்லாந்து போகும் வரை!

2024ல் என் நாத்தனாருக்கு அங்கே இரண்டாவது பிரசவம். அத்தைக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது. "நீ போயிட்டு வாம்மா, நான் இங்க பார்த்துக்கிறேன்" என்று என்னை அனுப்பி வைத்தார். அப்போது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக் கொண்டிருந்தது. எங்களுடைய ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைப் பிளாட் போட ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். என் கணவரும் கொழுந்தனாரும் ராத்திரி ராத்திரி கணக்குப் போட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கவலையோடுதான் விமானம் ஏறினேன்.

நாத்தனார் வீடு இருப்பது வெவே என்ற ஊரில், ஜெனீவா ஏரிக் கரையில். அக்டோபர் முதல் வாரம். "அண்ணி, திராட்சை வெட்டுறாங்க. வாங்க, நடந்துட்டு வரலாம்" என்றாள். குழந்தையை அவள் கணவர் பார்த்துக்கொள்ள, நாங்கள் இருவரும் ரயிலேறி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். சென் சஃபொரின் என்ற குட்டி கிராமம். அங்கிருந்து குயி என்ற ஊர் வரை நடந்தோம். வழி நெடுக மஞ்சள் பலகைகள். அதில் கிலோமீட்டர் போடவில்லை. நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மணியும் நிமிடமும் போட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கு அதுதானே தேவை!

நிமிர்ந்து பார்த்தேன். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் சுவர்கள். ஒவ்வொரு படியிலும் நாலைந்து வரிசைத் திராட்சைக் கொடி. நம் ஊர் கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டை ஒரு மலை அளவுக்குப் பெரிதாக்கியது போல இருந்தது. கீழே நீல ஏரி. எதிர்க்கரையில் பிரான்ஸ் நாட்டு மலைகள். இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. கொடிகளோ என் நெஞ்சு உயரம் கூட இல்லை. அண்ணாந்து பார்த்துப் பழகிய நான், முதல் தடவையாகக் குனிந்து திராட்சை பார்த்தேன்!

இந்த இடத்துக்கு லவோ என்று பெயர். ஏரிக்கரையோடு சுமார் 30 கி.மீ. தூரம் நீள்கிறது. கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் ஏறத்தாழ 900 வருடத்துக்கு முன்னால் இந்தச் சரிவை வெட்டிப் படி அமைத்திருக்கிறார்கள். மொத்தச் சுவரையும் சேர்த்து அளந்தால் 400 கி.மீ.க்கு மேல் வருமாம். "இங்க மூணு சூரியன்னு சொல்வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் இரண்டாவது. பகலெல்லாம் காய்ந்த கல் சுவர் ராத்திரியில் விடுகிற சூடு மூன்றாவது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனது போல இதமான சூடு!

பழத்தின் பெயர் ஷாஸ்லா. பச்சை நிறம், வெயில் பட்ட பக்கம் மட்டும் தேன் நிறம். பறவை கொத்தாமல் இருக்கச் சில வரிசைகளில் வலை கட்டியிருந்தார்கள். பெரும்பாலும் ஒயினுக்குத்தான் போகிறது. குடிக்கிற கதைக்கு நான் வரவில்லை தோழிகளே, வேலையைத்தான் பார்த்தேன்.

சரிவு அவ்வளவு செங்குத்து, பெரிய இயந்திரம் எதுவும் ஏறாது. எல்லாம் கையால்தான். ஆணும் பெண்ணுமாக வரிசையில் குனிந்து, சின்னக் கத்தரியால் கொத்தை வெட்டி, அழுகல் பழத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பெட்டியில் போடுகிறார்கள். பெட்டி நிறைந்தால் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன வண்டியில் ஏற்றிச் சாலைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் முதுகுச் சுமைதான். மழையில் கீழே அடித்துக்கொண்டு போன மண்ணைக் கூட, முதுகுக் கூடையில் சுமந்து மேலே கொண்டு போய்க் கொட்டுவார்களாம்.

வேலையை நிறுத்தித் தண்ணீர் குடித்துக் கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவிடம், எங்கள் வீட்டிலும் திராட்சைதான் என்று நாத்தனாரைச் சொல்லச் சொன்னேன். உடனே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கத்தரி பிடித்த காய்ப்பு இருக்கிறதே! சிரித்து விட்டார். தன் பாட்டி எதிர்க்கரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர் என்றார். கோடையின் தொடக்கத்தில் கொடியில் வேண்டாத துளிரையும் இலையையும் கிள்ள வேண்டும். அதற்கென்றே ஏரியைத் தாண்டிப் பெண்கள் கூட்டமாக வருவார்களாம். அது பெண்கள் வேலை என்றே பெயராம். எங்கள் தோட்டத்திலும் கிள்ளுகிற வேலையும் பொறுக்குகிற வேலையும் பெண்களுக்குத்தானே! எனக்குச் சொந்தக்காரியைப் பார்த்தது போல ஆகிவிட்டது.

அப்போதுதான் என் மனசில் இருந்ததைக் கேட்டேன். "ஏரி தெரிகிற இடம், இவ்வளவு அழகு. வீடு கட்ட யாரும் விலைக்குக் கேட்கவில்லையா?"

கேட்காமல் இருப்பார்களா! வீடு கட்டுகிறவர்கள் கண் இந்தச் சரிவின் மேல் விழுந்துதான் இருந்தது. ஃபிரான்ஸ் வெபர் என்ற இயற்கை ஆர்வலர் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, லவோவைக் காப்பாற்ற மக்களிடம் ஓட்டு கேட்டிருக்கிறார். 1977ல் அந்த மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, இந்தத் தோட்டங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்து விட்டார்கள். 2005ல் மறுபடியும் அதையே உறுதி செய்தார்கள். 2014ல் இன்னும் கடுமையான விதிகள் கேட்டு வந்தபோது, அது வேண்டாம், மிதமான மாற்றுத் திட்டம் போதும் என்றும் அதே மக்கள்தான் சொன்னார்கள். நடுவில் 2007ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்னொன்று கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1971ல்தான்! நம் நாட்டில் 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே நம் பாட்டிமார் ஓட்டுப் போட்டு விட்டார்கள். ஆனால் லவோ இருக்கிற வோ மாநிலம், அந்த நாட்டில் முதன்முதலாக 1959ல் பெண்களுக்கு மாநில ஓட்டுரிமை கொடுத்தது. ஆக, 1977ல் இந்தத் தோட்டத்துக்காக விழுந்த ஓட்டில் பெண்கள் ஓட்டும் இருக்கிறது. இலை கிள்ளிய கைகளுக்கு, நிலத்தைப் பற்றிப் பேசவும் இடம் கிடைத்திருக்கிறது!

மீதி வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பதினாறு வருடமாகக் கொத்து வெட்டுகிறேன். எந்தப் பந்தல் கால் ஆடுகிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிலத்தை விற்கலாமா என்று கேட்க மட்டும் நான் ஆளில்லையா?

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், சாப்பாடு போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். "ஏங்க, தோட்டத்து விஷயத்துல நானும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். மருந்துச் செலவு, கூலி, போன இரண்டு போகத்து வரவு எல்லாம் என் நோட்டில் இருந்தது. எடுத்து வைத்தேன். நஷ்டம் வந்ததையும் மறைக்கவில்லை. கொழுந்தனார் முகத்தைச் சுளித்தார். ஆனால் அத்தை, "அவ கணக்கு சரியாத்தான் இருக்கு. அவளையும் கேட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லி விட்டார். இப்போதைக்கு இரண்டு போகம் பார்ப்பது என்று பேச்சு. நாளைக்கு விற்கும்படியே ஆனாலும் ஆகலாம். அப்போதும் என்னைக் கேட்டுத்தான் விற்பார்கள்.

தோழிகளே, நீங்கள் உழைக்கிற நிலமோ, கடையோ, தறியோ, அதன் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிவெடுக்கிற நாளில் அதோடு போய் உட்காருங்கள். நாம் வாய் திறந்தால் கேட்காமலா போய்விடுவார்கள்?

- ஒரு வாசகி, தேனி மாவட்டம்.