வெளியில் வாங்கும்படி எழுதித் தந்த துண்டு

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலே புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயினும், தாய்க்கோ தந்தைக்கோ அந்நோய் கண்ட நெல்லியடிக் குடும்பத்தார் எவரை விசாரித்தாலும், கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த சிறு கடதாசித் துண்டொன்றை எடுத்துக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரியிற் கையிருப்பில்லாத மருந்தை வெளியில் வாங்கி வரும்படி எழுதித் தந்த துண்டு அது. அது கைக்கு வந்த அன்று மாலையே நகை அடைவுக்குப் போகிறது. கனடாவிலோ லண்டனிலோ உள்ள சகோதரனுக்குச் செய்தி போகிறது. வெளிநாட்டில் எவருமில்லாத வீட்டிலோ தோட்டக்காணியின் உறுதி அலுமாரியிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. அந்தத் துண்டுக்கும் அடைவுக்கடைக்கும் இடையிலே கேட்கவேண்டிய கேள்விகள் சில உள என்பதையும், அவற்றைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது, பிள்ளைகளின் கடமையே என்பதையும் விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வல்லை வெளியைக் கடந்து, அச்சுவேலி வழியாகத் தெல்லிப்பழைப் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் பிரயாணம் தேகசுகமுள்ளவருக்கு ஒரு பொருட்டன்று. கீமோ ஏற்றிய உடம்போடு ஓங்காளத்தை அடக்கிக்கொண்டு திரும்பும் முதிய தாய்க்கோ அது பெருஞ் சோதனை. பஸ்ஸை விட்டு ஓட்டோ பிடிக்கும் கூலியும், கூடச் செல்லும் மகன் இழக்கும் நாட்கூலியும் சிகிச்சைச் செலவிற் சேர்ந்தவையே. எனினும் தெல்லிப்பழையில் அந்தச் சிகிச்சை நிலையம் எழுந்தது பெரும் பாக்கியம் என்றே சொல்லவேண்டும். 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து கடந்த பாதயாத்திரை ஒன்றினாற் சேர்ந்த பணமே அதற்கு மூலதனம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷங்கள் சென்றிருந்த அக்காலத்தில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதற்கு மனமுவந்து கொடுத்தார்கள். இன்றும் சில விசேஷப் பரிசோதனைகளுக்கு மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலை வரை போகவேண்டியிருக்கிறது.

மருந்து ஏன் இல்லாமற் போகிறது? அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வேண்டிய மருந்தைக் கொள்வனவு செய்யும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் ஸ்தாபிக்கப்பட்டது. கம்பனிகள் சூட்டிய வியாபாரப் பெயருக்குப் பணங் கொடாமல், மருந்தின் பொதுப்பெயரிலே கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கலாமென்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். ஆனால் புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் பிற தேசங்களிலிருந்து வருவன. ஒரு கேள்விப்பத்திரம் தவறினாலும், பணம் செலுத்தத் தாமதமானாலும் வார்ட்டிலே மருந்து தீர்ந்துவிடுகிறது. 2022இல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, தனியார் பாமசியிலே வாங்குவதும் எளியவர்க்கு எட்டாததாயிற்று.

மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குரிய டிராஸ்டுசுமாப் என்னும் ஊசிமருந்தை உதாரணமாகக் கொள்வோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்த இம்மருந்து, வழக்கமாக மூன்று வாரத்துக்கொருமுறை, ஓராண்டு காலம், நோயாளியின் நிறைக்கேற்ற அளவில் ஏற்றப்படுவது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலே அதை வைத்திருக்கவேண்டும், உறையவும் விடலாகாது. கொழும்பில் வாங்கி இரவு பஸ்ஸிலே ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருபவர், ஐஸ் பொதி மருந்துப் பெட்டியை நேரே தொடாதபடி இடையில் துணியைச் சுற்றிவைக்கத் தவறினால், நகை விற்று வாங்கிய மருந்து வல்லைப் பாலத்தை அடையுமுன்பே பயனற்றுப்போகக்கூடும். இந்தச் சிறு விஷயத்தைப் பாமசியிற் கேட்டுத் தெரிந்துகொள்பவர் எத்தனை பேர்?

இதனினும் பெரிய கேள்வி, எத்தனை முறை ஏற்றவேண்டும் என்பது. பிரித்தானியாவில் 4,000 பெண்களுக்கு மேற்பட்டோரைக்கொண்டு நடத்தப்பெற்று, 2019இல் முடிவு பிரசுரமான ‘பெர்செபொனி’ என்னும் ஆய்வு, ஆரம்ப நிலை நோயிலே ஆறு மாதச் சிகிச்சையின் பலன் ஓராண்டுச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என்று காட்டியது. எல்லோருக்கும் அது பொருந்துமோவென்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். ஆனால் கேட்காத பிள்ளைக்கு எவரும் வலிந்து சொல்லப்போவதில்லை.

மூன்றாவது கேள்வி பொதுப்பெயரைப் பற்றியது. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குரிய இமட்டினிப் மாத்திரைக்கு நொவார்ட்டிஸ் கம்பனி கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1ஆந் திகதி அதையே உறுதிசெய்தது. அக்கம்பனியின் மாத்திரைக்கு மாதமொன்றுக்கு இந்திய ரூபா ஒரு லட்சத்துக்கு மேலும், அதே மருந்தை இந்தியக் கம்பனிகள் பொதுப்பெயரிற் செய்தபோது பத்தாயிரத்துக்குட்பட்டும் விலை இருந்தது. ஆகையால், துண்டில் எழுதியது வியாபாரப் பெயரா, பதிவுபெற்ற வேறு தயாரிப்பு உண்டா, அரச ஒசுசலையிற் கிடைக்குமா, ஆஸ்பத்திரியே உள்ளூர்க் கொள்வனவு மூலம் எடுத்துத் தருமா, சில நாட் பொறுத்தால் நோய்க்குப் பாதகமுண்டா என்றெல்லாம் கிளினிக்கிலேயே தெளிவாகக் கேட்டு, கொப்பியிற் குறித்துக்கொள்வது உத்தமம்.

வீட்டிலே மறைக்கப்படுவனவும் உண்டு. மருந்தின் விலையைப் பிள்ளைகள் தாய்க்கு மறைக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாதென்று தாய் தன் காய்ச்சலை மறைக்கிறாள். முன்னதனால் மனஸ்தாபம் வரலாம். பின்னதனால் உயிரே போகலாம். கீமோவுக்குப் பின் ஓரிரு வாரங்களில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் வேளையில், உடற்சூடு 38 பாகை செல்சியஸை, அதாவது 100.4 பாகை பரனைற்றைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திராமல், அந்த நேரமே பக்கத்திலுள்ள மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

பண உதவிக்கு வழி முற்றாக இல்லாமலில்லை. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குக் கொழும்புக்கு அலையவேண்டியிருந்த காலம் போய், 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. நெல்லியடியார்க்கு அது கரவெட்டிப் பிரதேச செயலகம். மருந்து வாங்குமுன்பே, வைத்தியரின் கடிதத்தையும் விலைக் கோரலையும் எடுத்துக்கொண்டு அங்கே சென்று நியதிகளை விசாரியுங்கள். சமூகசேவை உத்தியோகத்தரிடம் நோயுதவிப் பணத்தைப் பற்றியும் கேளுங்கள். அடைவுக்கடைக்குப் போவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.