பனிக்காலப் பானங்களும் பண்டிகை இருதயமும்

உஷ்ணம் என்னும் பிரமை

ஜெர்மனி தேசத்து நூரம்பர்க் நகரிலே கிறிஸ்துமஸ் சந்தை கூடிவிட்டால், இலவங்கப்பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் சர்க்கரையும் இட்டுச் சூடாக்கிய சிவப்புத் திராட்சை மதுவின் வாசனை சதுக்கமெங்கும் பரவி நிற்பதும், ஜனங்கள் குவளைகளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பனியில் நின்றபடியே பருகுவதும் காண்போர் எவருக்கும் ஆசை மூட்டுவனவே. க்ளூவைன் என்று அவர்கள் வழங்கும் அப்பானத்தின் ருசியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், குளிருக்கு உடம்பில் உஷ்ணம் ஏற்றவே அதைக் குடிக்கிறோம் என்று அவர்கள் சொல்வதை மட்டும் சரீர சாஸ்திரம் ஒப்புக்கொள்வதில்லை. குளிர் தாக்கும்போது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் தாமே சுருங்கி, உள்ளுறுப்புகளின் வெப்பம் வீணாகாதபடி காக்கின்றன. மதுவோ அக்குழாய்களை விரியச் செய்து, உள்ளிருந்த சூடான இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவருகிறது. முகம் சிவக்கிறது, தேகம் கதகதப்பாகிறது. ஆனால் அந்த வெப்பம் அத்தனையும் வெளிக்காற்றுக்குப் போய்ச் சேர, உடலின் உட்புறம் குளிர்ந்துகொண்டே வருகிறது. வெப்பத்தை உண்டாக்க இயற்கை வகுத்த நடுக்கத்தையும் மது மட்டுப்படுத்திவிடுவதால், மிதமிஞ்சிக் குடித்துவிட்டுப் பனியில் வீடு திரும்புகிறவர் வழியில் அயர்ந்து உறங்கிவிட்டால், உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிப் பிராணாபத்து நேரக்கூடும்.

பண்டிகை இருதயம்

வேறு இருதய நோய் இருப்பதாகத் தெரியாத சிலர், வார விடுமுறையிலும் வருஷக் கடைசிப் பண்டிகை நாட்களிலும் அளவு மீறிக் குடித்தபின் நாடி தாறுமாறாக ஓட ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதைக் கவனித்த பிலிப் எட்டிங்கர் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், 1978-ஆம் ஆண்டில் அந்நிலைக்கு ‘ஹாலிடே ஹார்ட்’ என்று பெயரிட்டார்கள். இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடத்துத் துடிப்பதே பெரும்பாலும் இதில் நிகழ்வது. மதுவை நிறுத்தியபின் அநேகருக்கு இது தானே அடங்கிவிடுகிறதென்பது உண்மையே. அடங்காது நீடித்தாலோ, மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கவும் இடமுண்டு. ஆகையால் விருந்துக்குப் பிறகு படபடப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ மார்வலியோ கண்டால், அஜீரணமென்று சோடா குடித்துப் படுத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வதே முறை.

அளவும் அவகாசமும்

குடிப்பவர்கள் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேற்படாமலும், அதையும் மூன்று நாட்களுக்குக் குறையாமல் பரவலாகவும் பருகவேண்டும் என்பது பிரிட்டிஷ் வைத்திய அதிகாரிகளின் ஆலோசனை. ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். 12 சதவீத மது 175 மில்லி கொண்ட கிண்ணம் ஒன்றிலேயே ஏறக்குறைய இரண்டு யூனிட் அடங்கிவிடுகிறது. உபசாரத்தில் சிறந்த வீட்டுக்காரர், கிண்ணம் காலியாகுமுன்னே மேன்மேலும் ஊற்றிக்கொண்டிருந்தால் எந்தக் கணக்குத்தான் நிற்கும்? ஈரலோ மணிக்குச் சுமார் ஒரு யூனிட்டைத்தான் கரைக்கும். காப்பியும் குளிர்ந்த நீராட்டும் அதைத் துரிதப்படுத்துவதில்லையாதலால், நள்ளிரவு வரை பத்து யூனிட் பருகியவர் மறுநாட் காலையில் மோட்டார் ஓட்டுவது தகாது. எந்த அளவும் அபாயமற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்ததையும் இங்கே மறைக்கலாகாது.

அமெரிக்கர் விரும்பும் எக்நாக் பானத்தில் பச்சை முட்டை சேருவதால், பிராந்தி கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பியிராமல், முட்டையையும் பாலையும் 71 டிகிரி வரை சூடாக்கிக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கும், மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்பவர்களுக்கும், ஜெர்மானியச் சந்தைகளிலேயே அதே மசாலைகளைப் பழரசத்தில் இட்டுச் சூடாக்கிய கிண்டர்புன்ஷ் கிடைக்கிறது. குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட பானமேயாயினும், அதைப் பெரியவர்கள் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.