ஆடியது விமானமா, ஜாய்ஸ்டிக்கா?

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரே வாரத்தில் நாற்பது முறையாவது சிலேத்தார் விமான நிலையத்தில் தரையிறங்கப் பார்த்தேன். கணினித் திரையில்தான். செஸ்னா 172 ரகச் சிறு விமானம், தெளிந்த வானம், காற்றே இல்லை. இருந்தும் ஓடுபாதையைத் தொடப்போகும் நேரத்தில் விமானத்தின் மூக்கு திடீரென்று கீழே குத்தும். திரை கறுத்துவிடும். விளையாட்டுதான் என்றாலும் உள்ளங்கை வியர்த்துவிடும். நமக்கு இது வராது என்று ஏறக்குறைய முடிவுகட்டிய பிறகுதான், தவறு முழுவதும் என்னுடையதல்ல என்று தெரிந்தது.

என்னிடம் இருந்தது பழைய யூஎஸ்பி ஜாய்ஸ்டிக். பக்கத்து புளோக்கில் இருந்த அண்ணன் ஒருவரிடம் இருபது வெள்ளிக்கு வாங்கியது. “பட்டன் எல்லாம் வேலை செய்யுது தம்பி, அழுத்திப் பாரு” என்றார். பன்னிரண்டு பட்டன்களையும் அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தன. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பறப்பதற்குப் பட்டன்களா முக்கியம்? கோலைச் சாய்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஜாய்ஸ்டிக்கைச் சாய்க்கும்போது, எவ்வளவு சாய்த்தோம் என்பதை உள்ளே இருக்கும் ஓர் உணர்கருவி அளந்து கணினிக்கு எண்ணாக அனுப்புகிறது. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். கரிப் பூச்சு கொண்ட பாதையின்மேல் ஒரு சிறு முனை உரசிக்கொண்டே நகரும். பழைய வானொலியில் ஒலியைக் கூட்டும் திருகுக்குள் இருப்பதும் இதுதான். தூசி படிந்த வானொலியில் திருகைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருமே, அந்தக் கரகரப்பு ஜாய்ஸ்டிக்கில் வந்தால் விமானம் தலைகுப்புற விழும். உரசுவதால் பாதை தேய்கிறது. அதிகம் தேய்வது நாம் அடிக்கடி பிடித்திருக்கும் இடங்கள். தரையிறங்கும்போது கோலை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பிடிப்போம் அல்லவா? என்னுடையது சரியாக அந்த இடத்தில் தேய்ந்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ‘ஜாய் டாட் சிபிஎல்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். இணைத்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். அதில் உங்கள் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து ‘புராப்பர்ட்டீஸ்’ பகுதிக்குப் போனால், ஒரு கட்டத்துக்குள் சிறு சிலுவைக் குறி தெரியும். கோலை மிக மெதுவாக ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துங்கள். குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துள்ளினால் வாங்காதீர்கள். பாதி தூரத்தில் அசைக்காமல் நிறுத்தியும் பாருங்கள். பழைய பொருளை எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்குப் போகும்போது மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

உரசலே இல்லாத வழி, காந்தத்தைக் கொண்டு அளப்பது. கோலுடன் காந்தம் நகர, காந்தப் புலம் மாறுவதை ஒரு சில்லு உணர்கிறது. எட்வின் ஹால் 1879ல் கண்டறிந்த ‘ஹால் விளைவு’தான் இதன் அடிப்படை. தேய்வதற்கு எதுவும் இல்லை. தொடக்க நிலை ஜாய்ஸ்டிக்குகளில் திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இந்த வகை. முன்பின் அசைவையும் பக்கவாட்டு அசைவையும் 16,384 படிகளாகப் பிரித்து அளக்கிறது. அதற்காக லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ போன்ற பொட்டன்ஷியோமீட்டர் வகையை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வாங்கினால் நன்றாகவே உழைக்கும். பழையதாக வாங்கும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். எக்ஸ்ட்ரீம் 3டி புரோவின் பிடி வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டது. டி.16000எம் பிடியின் பாகங்களை இடக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பட்டன் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, கோலைத் திருக முடிகிறதா என்பதுதான். மேற்சொன்ன இரண்டிலும் முடியும். திருகினால் சுக்கான் அசையும். செஸ்னா போன்ற ஒற்றை விசிறி விமானம் முழு வேகத்தில் கிளம்பும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். பக்கக் காற்றில் இறங்கும்போது மூக்கை ஓடுபாதைக்கு நேராகத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டுக்கும் சுக்கான் வேண்டும். உண்மை விமானத்தில் அது காலால் மிதிப்பது. மிதிகளைத் தனியாக வாங்கலாம், ஆனால் அது முதல் நாள் செலவு அல்ல. இயந்திர வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலும் இந்த ஜாய்ஸ்டிக்குகளின் அடியிலேயே சிறு நெம்புகோலாக வந்துவிடுகிறது.

‘யோக்’ எனப்படும், காரின் ஸ்டீயரிங் போன்ற கைப்பிடியை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எதை ஓட்ட ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செஸ்னா 172லும் போயிங் பயணிகள் விமானங்களிலும் இருப்பது யோக். 1988ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இலும் பிறகு வந்த ஏ330, ஏ380, ஏ350 ரகங்களிலும் விமானியின் பக்கவாட்டில் சிறு கோல்தான். இடப்பக்கம் அமரும் கேப்டன் அதை இடக்கையால் பிடிக்கிறார், துணை விமானி வலக்கையால். யோக் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசையில் இறுக்கிப் பொருத்த வேண்டும். தம்பியும் நானும் பகிர்ந்துகொள்ளும் வீவக அறை மேசையில் அதை வைத்தால், பாடப்புத்தகத்தைத் தரையில்தான் வைக்க வேண்டும். விலையும் ஜாய்ஸ்டிக்கைவிடப் பல மடங்கு. முதலில் கோல், ஆசை தீராவிட்டால் பிறகு யோக் என்பதே என் கட்சி.

எக்ஸ்பாக்ஸில் விளையாடுபவர்கள் பெட்டியில் ‘எக்ஸ்பாக்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்கான யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் துளையில் பொருந்தினாலும் அதில் வேலை செய்வதில்லை. டி.16000எம் கணினிக்கு மட்டும். கணினியில் பறந்து பார்க்க ஆசை, விளையாட்டை வாங்கப் பணமில்லை என்றால் ஃபிளைட்கியர் முற்றிலும் இலவசம்.

நல்ல ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு குறை உண்டு. செஸ்னாவில் கோலை இழுத்துப் பிடித்துக் கை வலித்தால், ‘டிரிம்’ சக்கரத்தைத் திருப்புவார்கள். பாரம் குறைந்து, யோக் அந்த இடத்திலேயே நிற்கும். நம் ஜாய்ஸ்டிக்கில் இருப்பது சுருள்வில். அது எப்போதும் நடுவுக்கே இழுக்கும். ஆகவே டிரிம் செய்துகொண்டே கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு விட வேண்டும். இது பிடிபட எனக்கு மூன்று நாள் ஆனது. விளையாட்டின் அமைப்புகளில் உணர்திறன் கோட்டை நடுவில் சற்றுத் தட்டையாக்கினால் கை நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது.

பகுதிநேர வேலைச் சம்பளத்தில் பிப்ரவரியில் புதிய ஜாய்ஸ்டிக் வாங்கினேன். சிலுவைக் குறி எண்ணெய் தடவியதுபோல் நகர்ந்தது. அன்றிரவே மீண்டும் சிலேத்தார். மூக்கு குத்தவில்லை. ஆனால் வேகம் அதிகமாக இருந்ததால் ஓடுபாதையில் மூன்று முறை குதித்து, புல்லில் போய் நின்றேன். பின்னால் நின்று பார்த்த தம்பி, “இப்ப என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்டான்.