அணிப் பெருக்கல்

கணிதத்தில் அணிப் பெருக்கல் என்பது இரு அணிகளிலிருந்து மூன்றாவது அணியொன்றைப் பெறும் செயலாகும். எண்களைக் கிடைவரிசைகளாகவும் (நிரை) நிலைவரிசைகளாகவும் (நிரல்) அடுக்கிய செவ்வக அமைப்பே அணி. இது தாயம் எனவும் வழங்கப்படுகிறது. எண்களைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினாலும் விடை மாறாது. அணிகளில் அது மாறக்கூடும். கற்போர் செய்யும் பிழைகளுள் பல, இதை மறப்பதால் நேர்பவை.

வரையறை

க என்ற அணியின் நிரல்களின் எண்ணிக்கை, ப என்ற அணியின் நிரைகளின் எண்ணிக்கைக்குச் சமமானால் மட்டுமே க·ப வரையறுக்கப்படும். க·ப-இன் ர-ஆம் நிரை, ல-ஆம் நிரலில் உள்ள உறுப்பைப் பெற, க-இன் ர-ஆம் நிரை உறுப்புகளைப் ப-இன் ல-ஆம் நிரல் உறுப்புகளால் முறையே பெருக்கிக் கூட்டவேண்டும்.

எடுத்துக்காட்டு

மதுரையிலிருந்து அலங்காநல்லூர் வழியாகப் பாலமேடு செல்லும் சாலையைக் கருதுக. இம்மூன்று ஊர்களையும் இதே வரிசையில் எடுத்து, அடுத்தடுத்த ஊர்களுக்கு 1, பிறவற்றுக்கு 0 என எழுதினால் ச என்ற அணி கிடைக்கும்.

ச =
| 0 1 0 |
| 1 0 1 |
| 0 1 0 |

ச·ச =
| 1 0 1 |
| 0 2 0 |
| 1 0 1 |

முதல் நிரையின் இறுதியிலுள்ள 1, மதுரையிலிருந்து இரண்டு கட்டங்களில் பாலமேட்டை அடைய ஒரு வழி உண்டு என்பதைக் குறிக்கிறது. நடுவிலுள்ள 2, அலங்காநல்லூரிலிருந்து புறப்பட்டு இரண்டு கட்டங்களில் அங்கேயே திரும்பும் வழிகளின் எண்ணிக்கை: மதுரை சென்று திரும்புதல், பாலமேடு சென்று திரும்புதல்.

பொருந்தாத விதிகள்

க =
| 0 1 |
| 0 0 |

ப =
| 1 0 |
| 0 0 |

இங்கு க·ப பூச்சிய அணி; ப·க = க. இந்த ஓர் எடுத்துக்காட்டே பின்வருவனவற்றைக் காட்டப் போதுமானது.

1. பரிமாற்றுப் பண்பு பொதுவாக இல்லை.
2. பெருக்கற்பலன் பூச்சிய அணியாயின், பெருக்கிய அணிகளுள் ஒன்று பூச்சிய அணி என்று கூறவியலாது.
3. ப·க = க என்பதிலிருந்து ப அலகு அணி என்று முடிவுகட்டவியலாது.
4. (க+ப)² = க² + க·ப + ப·க + ப² என்றே விரிக்கவேண்டும். நடு உறுப்புகளை 2க·ப என எழுதினால் இங்கு ப மட்டுமே கிடைக்கும். சரியான விடை க+ப ஆகும்.

சேர்ப்புப் பண்பும் பங்கீட்டுப் பண்பும் அணிகளுக்கு உண்டு.

நிறுவல்கள்

ஒரு கூற்றை மறுக்க ஓர் எதிர் எடுத்துக்காட்டு போதும். ஆனால் எத்தனை எடுத்துக்காட்டுகள் சரிவந்தாலும் அவை நிறுவல் ஆகா; பொதுவான உறுப்பை எடுத்தே நிறுவவேண்டும்.

நிரை நிரல் மாற்று: (க·ப)′ = ப′·க′. இடப்பக்கத்தின் ர-ஆம் நிரை, ல-ஆம் நிரல் உறுப்பு, க·ப-இல் ல-ஆம் நிரை, ர-ஆம் நிரலில் இருந்ததாகும். அது க-இன் ல-ஆம் நிரையும் ப-இன் ர-ஆம் நிரலும் தருவது. அவையே க′-இன் ல-ஆம் நிரலும் ப′-இன் ர-ஆம் நிரையும் ஆதலால் கூற்று மெய்யாகிறது.

சுவடு: சதுர அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை சுவடு எனப்படும். க, ப ஒரே வரிசையுடைய சதுர அணிகளாயின், க·ப, ப·க இரண்டின் சுவடும் ஒரே பெருக்கங்களின் கூட்டலே. எனவே க·ப − ப·க என்பதன் சுவடு 0. அலகு அணியின் சுவடோ அதன் நிரைகளின் எண்ணிக்கை. ஆகவே எந்த மெய்யெண் அணிகளுக்கும் க·ப − ப·க அலகு அணியாக இயலாது.

வரலாறு

ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1850இல் அணிக்கு ஆங்கிலப் பெயரிட்டார். ஆர்தர் கெய்லி 1858இல் அணிகளின் இயற்கணிதத்தை வகுத்தார். 1925இல் ஹைசன்பர்க், போர்ன், யோர்டான் ஆகியோர் உருவாக்கிய குவாண்டம் இயக்கவியலில், இடமும் உந்தமும் பரிமாற்றுப் பண்பற்ற அணிகளாயின. அவற்றின் பெருக்கற்பலன்களின் வேறுபாடு அலகு அணியின் மடங்கு என்பதால், மேற்கண்ட சுவடு நிறுவலின்படி அவை முடிவிலா அணிகளாகவே இருக்கவேண்டும். டிராக் 1928இல் பயன்படுத்திய அணிகளுள் வெவ்வேறான எவ்விரண்டிற்கும் க·ப = −ப·க ஆகும். சென்னையில் 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அல்லாடி இராமகிருட்டிணன் இவ்வகை அணிகளைப் பொதுமைப்படுத்தி ஆராய்ந்தார்.

இவற்றையும் பார்க்க

அணிக்கோவை
நேர்மாறு அணி
நேரியல் இயற்கணிதம்