குரங்குக்குப் பாலம் கிடைத்தது... தவளைக்கு?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், இந்த மலையின் சாலைகளில் இரவு நேரத்தில் இன்னொரு போக்குவரத்தும் தொடங்கிவிடும். பகலெல்லாம் சருகுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த தவளைகளும் தேரைகளும் தண்ணீரைத் தேடிக் கிளம்பும். குறுக்கே தார்ச்சாலை.

யானை நின்றால் ஓட்டுநர் பிரேக் போடுவார். விரல் நீளத் தவளை கண்ணிலேயே படாது. அதுவும் ஹெட்லைட் வெளிச்சத்தில் துள்ளி ஓடாமல் அப்படியே உறைந்து நின்றுவிடும். விடிவதற்குள் அடையாளமே இல்லாமல் மழை கழுவிவிடும். அதனால்தான் இந்தச் சாவுகள் செய்தியாவதில்லை.

பெரும்பாலான தவளைகளுக்கு வீடு காட்டில், பிள்ளைப்பேறு தண்ணீரில். இரண்டுக்கும் நடுவே சாலை போட்டது நாம். அன்றிரவு சக்கரத்தில் சிக்குவது முட்டையிடப் போகும் தாய்த் தவளையாகவும் இருக்கலாம். ஒரு தேரையின் வயிற்றிலேயே ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். ஒரு டயரில் ஒரு தலைமுறையே போய்விடுகிறது. மண்புழு போலிருக்கும் காலில்லாத சிசிலியன்களுக்கும் இதே கதிதான். உலகிலுள்ள நீர்நில வாழ்விகளில் 41 சதவிகித இனங்கள் அழியும் அபாயத்தில் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளில் பலவற்றை வேறெங்கும் பார்க்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. வால்பாறை அருகே புதுத்தோட்டத்தில், சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குக்கு மேலே பாலம் என்றால், தவளைக்குக் கீழே சுரங்கம்!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் 1987-லேயே இதைச் செய்துவிட்டார்கள். பல்லி போன்ற உருவம் கொண்ட, தவளைக்கு உறவான சாலமாண்டர்கள், வசந்தத்தின் முதல் மழை இரவுகளில் அங்குள்ள ஹென்றி தெருவைக் கடந்து குளத்துக்குப் போகும். ஊர்க்காரர்கள் டார்ச்சும் கையுமாக நின்று, அவற்றைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுவந்தார்கள். பிறகு தெருவுக்கு அடியில் இரண்டு சின்னச் சுரங்கங்கள் வந்தன. சாலையில் ஏறவிடாமல் சுரங்க வாசலுக்குத் திருப்பிவிட தாழ்வான வேலி. மழைத்தண்ணீரும் வெளிச்சமும் உள்ளே இறங்க மேலே துளைகள். காய்ந்த, இருட்டான குழாய்க்குள் இவை நுழையத் தயங்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

நம் மலைப்பாதைகளில் ஓடைகளுக்கு மேல் ஏற்கெனவே சிறுபாலங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் அடைத்திருக்கும் மண்ணையும் குப்பையையும் அகற்றி, இருபுறமும் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வைத்தாலே பாதி சுரங்கம் தயார். செங்குத்தான வடிகாலில் விழுந்த தவளையால் ஏறி வர முடியாது. ஒரு பக்கம் சரிவாகக் கட்டினால் போதும். ஓடைப் பகுதிகளில் வேகத்தடை வைத்தால் பாம்பு, முள்ளம்பன்றி என்று மற்ற உயிர்களும் பிழைக்கும்.

மழைக்காலத்தில் வால்பாறைக்குக் கிளம்புகிறீர்களா? வெளிச்சம் இருக்கும்போதே மலையேறிவிடுங்கள். இரவில் போயே ஆக வேண்டுமென்றால், தவளைச் சத்தம் கேட்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். அங்கே பக்கத்தில் தண்ணீர் இருக்கக்கூடும். அதைத் தேடி யாரோ சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.